பழைய கேமரா வாங்கப் போகும்போது பையில் ஒரு டார்ச் இருக்கட்டும்

கண்டக்டர் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஓடுகிற பஸ்ஸில், அரை இருட்டில், ஒட்டுப்போட்ட நோட்டை விரலாலேயே கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட ஆள் ஒரு லென்ஸில் ஏமாந்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

2018-ல் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓய்வு நாளில் போய் நின்றேன். நிக்கான் டி90 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதோடு 18-105 எம்எம் லென்ஸ், ரெண்டு பேட்டரி, எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். "அண்ணாச்சி, பொன்னு மாதிரி வச்சிருந்தேன், பாத்துக்கிடுங்க" என்றார் கடைக்காரர். பாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் உண்டா, ரப்பர் பிய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். லென்ஸை முன்பக்கம் ஒரு தடவை பார்த்து, கண்ணாடி பளிச்சென்று இருந்ததும் மூடிவிட்டேன். ஒரு மாசம் கழித்து, குறுக்குத்துறையில் காலை வெயிலுக்கு எதிரே நின்று தாமிரபரணி ஆற்றை எடுத்தால், படம் முழுக்கப் பால் ஊற்றினமாதிரி வெளுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, வேர் விட்டமாதிரி நூல் நூலாகப் பூஞ்சை.

போன வாரம் தங்கச்சி மகன் வந்து, "மாமா, பழைய டிஎஸ்எல்ஆர், அதான் லென்ஸ் மாத்துற கேமரா, ஒண்ணு வாங்கணும், எதைப் பாக்கணும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் லென்ஸ். பாடியை அப்புறம் பார்க்கலாம்.

லென்ஸைக் கழற்றித் தரச்சொல்லுங்கள். முன்மூடி, பின்மூடி ரெண்டையும் எடுத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கம் வழியாகக் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், ஒன்றும் தெரியாது. நிக்கானில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எண்களை ஒட்டி ஜி என்று எழுதிய ஜி வகை லென்ஸைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் அப்பர்ச்சர் இதழ்கள், அதாவது வெளிச்சம் புகும் ஓட்டையைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள், சுருங்கிக்கொள்ளும். நடுவில் ஒரு சின்ன ஓட்டைதான் தெரியும். அந்த ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கு" என்று நினைத்தால் என் கதிதான். பூஞ்சை பெரும்பாலும் ஓரத்திலிருந்து கிளம்பும். லென்ஸின் பின்பக்கம் விளிம்பில் ஒரு சின்ன உலோக நெம்புகோல் இருக்கும். அதை நகத்தால் மெல்லத் தள்ளினால் இதழ்கள் முழுக்கத் திறக்கும். திறந்த நிலையில் வைத்துக்கொண்டு பாருங்கள். விட்டதும் இதழ்கள் டக்கென்று மூட வேண்டும். மெதுவாக, சோம்பலாக மூடினால் உள்ளே எண்ணெய் கசிந்து ஒட்டுகிறது என்று அர்த்தம். அந்த லென்ஸ் வேண்டாம். கேனான் இஎஃப் லென்ஸில் இதழ்கள் மின்சாரத்தில் இயங்குவதால், கழற்றினாலும் திறந்தபடியே இருக்கும். அதைப் பார்ப்பது சுலபம்.

உள்ளே நாலைந்து தூசி தெரிந்தால் பயப்படாதீர்கள். தூசி இல்லாத பழைய லென்ஸ் கிடையாது, படத்திலும் அது தெரியாது. முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்றிரண்டு இருந்தாலும் போகட்டும். பின்கண்ணாடியில் கீறல் என்றால் யோசியுங்கள், அது படத்தைக் கெடுக்கும். நூல்நூலாகக் கிளைவிட்டிருந்தாலோ, கண்ணாடி முழுக்க மூச்சு ஊதினமாதிரி மங்கலாக இருந்தாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். துடைத்துத் தருகிறோம் என்பார்கள். துடைக்கலாம்தான். ஆனால் பூஞ்சை கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது.

பையையும் மோந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். மழைக்கால அலமாரி வாடை வந்தால், உள்ளே இருக்கும் எல்லா லென்ஸையும் ரெண்டு தடவை பாருங்கள்.

இப்போது பாடி. ஷட்டர், அதாவது படம் எடுக்கும்போது திறந்து மூடும் திரை, எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற கணக்கு, பஸ்ஸின் கிலோமீட்டர் மாதிரி. நிக்கானில் ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் அந்த எண் ஒளிந்திருக்கும். கடைசியாக எடுத்த ஒரு படத்தை அப்படியே வாங்கி, ஷட்டர் கவுண்ட் பார்க்கும் இணையதளத்தில் போட்டால் தெரிந்துவிடும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் விவரம் அழிந்துபோகும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேனானில் பெரும்பாலும் கேபிள் போட்டு மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். டி90-ஐ 1 லட்சம் தடவைக்கும், 2010-ல் வந்த டி7000-ஐ 1.5 லட்சம் தடவைக்கும் நிக்கான் சோதித்திருக்கிறது. அதைத் தாண்டியும் ஓடும், முன்னாலேயே நின்றும் போகலாம். "கல்யாணத்துக்கு மட்டுந்தான் எடுத்தது" என்று ஒருவர் சொன்னால் மனசு இளக வேண்டாம். கல்யாணக் கேமரா டவுன் பஸ் மாதிரி. ஒரு முகூர்த்தத்துக்கே ஆயிரம், ரெண்டாயிரம் தடவை அடிக்கும். அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை வாங்கிவந்து கொலுப்பொம்மையாக வைத்திருந்த கேமராதான் உங்களுக்கு வேண்டும். அதிலே ஷட்டர் குறைவாக இருக்கும். பூஞ்சை அதிகம் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பர்ச்சரை எஃப் 16-க்கு வைத்து (எண் கூடினால் ஓட்டை சின்னது) வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் படத்தைப் பதியும் சென்சார் மேல் உள்ள தூசியெல்லாம் கறுப்புப் பொட்டாகத் தெரியும். ரப்பர் ஊதியால் ஊதினால் போகிற தூசி பிரச்சினை இல்லை. வாயால் மட்டும் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் கதை முடிந்தது. அடுத்து, ஒரு தினசரியைத் தரையில் விரித்து, சாய்வாக நின்று நடுவில் உள்ள ஒரு வரியில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். அந்த வரிக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வரி கூர்மையாக வந்தால் ஃபோகஸ் பிசகுகிறது. டி7000-ல் அதை மெனுவிலேயே சரிசெய்துகொள்ளலாம், டி90-ல் அந்த வசதி கிடையாது. டி90 மெனுவில் பேட்டரி விவரம் என்று ஒன்று உண்டு: 0 என்றால் புதுசு, 4 என்றால் ஆயுள் முடிந்தது. என் ரெண்டு பேட்டரியில் ஒன்று 4 காட்டியது. அதையும் நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

வியூஃபைண்டரில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். முன்னால் வைத்திருந்தவரின் கண்ணுக்கு ஏற்றபடி அது திருகியிருக்கும். உங்கள் கண்ணுக்குத் திருகிக்கொள்ளுங்கள்.

எந்த மாடல் என்றால், என் பாட்டு நிக்கான் பாட்டு. ஆனால் ஒரு சூட்சுமம் தெரிந்துகொள்ள வேண்டும். நிக்கானின் டி40, டி60, டி3000, டி5000 வரிசைகளில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் கிடையாது. டி80, டி90, டி7000 பாடிகளில் உண்டு. மோட்டார் உள்ள பாடி என்றால், சல்லிசாகக் கிடைக்கும், எண்களை ஒட்டி டி என்று எழுதிய பழைய டி வகை லென்ஸ்கள் தானாகவே ஃபோகஸ் ஆகும். மோட்டார் இல்லாத பாடியில் அதே லென்ஸைக் கையால்தான் திருக வேண்டும். கேனானில் இந்தத் தொல்லை இல்லை, மோட்டார் எப்போதும் லென்ஸில்தான். அங்கே வேறு தொல்லை: சின்ன சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ்கள், 5டி போன்ற பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டாது. எங்கள் டிப்போவில் ஒரு டிரைவர் அண்ணன் கேனான் 60டி வைத்திருக்கிறார். நல்ல கேமராதான். எது கையில் நன்றாக உட்காருகிறதோ அதை வாங்குங்கள், கம்பெனிச் சண்டையை டீக்கடைக்கு விட்டுவிடலாம்.

கார்டு விஷயம் ஒன்று. டி90-க்கு 32 ஜிபி வரை உள்ள கார்டுதான் வாங்க வேண்டும். கேனான் 40டி, நிக்கான் டி300 மாதிரி சில பழைய கேமராக்கள் அகலமான சிஎஃப் கார்டு கேட்கும். அது இப்போது நம் ஊர்க் கடைகளில் சுலபத்தில் கிடைக்காது. சிஎஃப் பாடி வாங்கினால் உள்ளே டார்ச் அடித்து, ஊசிகள் வளையாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

லென்ஸ் ரெண்டு போதும். ஒன்று 50 எம்எம் எஃப் 1.8. டி90 போன்ற சின்ன சென்சாரில் அது 75 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். முகம் எடுக்கவும் சிலை எடுக்கவும் பொருத்தம். பழைய டி வகையை வாங்கினால் அதில் ஒரு அப்பர்ச்சர் வளையம் இருக்கும். நான் மாட்டிய முதல் நாள் டிஸ்பிளேயில் 'எஃப் இ இ' என்று மூன்று எழுத்து மினுங்கியது. ஷட்டர் அடிக்கவே இல்லை. 'இதுவும் போச்சா' என்று உட்கார்ந்துவிட்டேன். வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

இன்னொன்று பறவைக்கு, 70-300. இங்கேதான் பேர் ஒன்று, ஆள் வேறு. நிக்கானில் 70-300 என்று பல லென்ஸ் இருக்கிறது. விஆர் என்று எழுதிய கனமான லென்ஸ் கை நடுக்கத்தைத் தாங்கும், மோட்டாரும் அதில் உண்டு. விஆர் இல்லாத இலேசான பழைய ஜி லென்ஸில் ரெண்டும் கிடையாது. போனில் விலை பேசும்போதே லென்ஸ் மேல் உள்ள எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, வாங்கியாச்சு. பழைய கேமராவுக்கு இருட்டு ஆகாது. டி90-ல் வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டினால் படத்தில் ரவை கொட்டினமாதிரி ஆகிவிடும். நான் 800-ல் நிறுத்திக்கொள்வேன். நம் ஊரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் ஒரு நொடியில் 800-ல் ஒரு பங்கு என்று வைத்தால், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைப் பார்க்காமலே எடுக்கலாம்.

கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துக்கு ஜனவரிக்குப் பிறகு ஒரு காலையில் போங்கள், மூலைக்கரைப்பட்டி வழி. ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருக்கும். பறவைக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர் அது. கை தட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். இருண்ட இலைகளுக்கு முன்னால் இருக்கும் வெள்ளைப் பறவையை மீட்டர் சொல்கிறபடி எடுத்தால் இறகு வெறும் சுண்ணாம்பாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, மைனஸ் 0.7-க்கு இறக்குங்கள், இறகின் வரிகள் தெரியும். பறக்கிற பறவைக்கு ஷட்டர் 1000-ல் ஒரு பங்குக்குக் குறையாமல் வையுங்கள். டி90-ல் ஃபோகஸ் புள்ளி பதினொன்று உண்டு, நம்பக்கூடியது நடுப்புள்ளிதான். அதைப் பறவையின் மேல் வைத்து, பறவை நகர நகர ஃபோகஸைத் திருத்தும் தொடர் ஃபோகஸில் கூடவே திரும்புங்கள். முதல் நூறு படம் வாலும் வானமுமாகத்தான் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

50 எம்எம்-ஐப் பழக கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் நேரமாகப் பார்த்து, கர்ணன் சிலைக்கு முன் நில்லுங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, ஷட்டர் 80-ல் ஒரு பங்கு. ஃபிளாஷ் போட்டால் சிலை சிமெண்டுப் பொம்மையாகிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் ஷட்டரை அழுத்துங்கள். மூன்று படம் தொடர்ந்து எடுத்தால் நடுவில் உள்ளது கூர்மையாக வரும். சிலை முழுவதையும் அடக்கப் பார்க்காமல் கை விரல்களை மட்டும் எடுத்துப் பாருங்கள், நகம் தெரியும்.

கடைசியாக, மழை. ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கேமரா பரண்மேல் இருந்ததால் நனையவில்லை, ஆனால் வீடு காய ஒரு மாசம் ஆனது. குற்றாலச் சாரலுக்குக் கொண்டுபோனாலும் இதே ஈரம்தான். தோல் பையில், துணிப் பையில் வைத்தால் பூஞ்சைக்கு விருந்து. ரப்பர் வளையம் போட்ட காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, அதில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவுத் தூசி லென்ஸுக்குள் போகும். வாரம் ஒரு நாள் வெளியே எடுத்து, நாலு படமாவது எடுங்கள்.

நீல ஜெல் ஈரத்தைக் குடித்தால் ரோஸ் நிறமாகும். அடுப்பில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். ஆறியபின் டப்பாவில் போடலாம். அந்த நீலம் வயிற்றுக்கு ஆகாத ரசாயனம். அதனால் அதற்கென்று ஒரு பழைய சட்டி ஒதுக்குங்கள். நான் முதல் தடவை அப்பளச் சட்டியை எடுத்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதுச் சட்டி 350 ரூபாய்; கேமராக் கணக்கில் அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.