டெர், டீ, டாஸ் குழப்பமா? ஹைட், கைட் பாருங்க

ஜெர்மன் படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப். ஜெர்மன்ல பெயர்ச்சொல்லுக்கு முன்னால டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (ரெண்டும் இல்லாத பால்)னு ஒண்ணு வரும். ஒரு வார்த்தை ஹைட் இல்லன்னா கைட் விகுதியில முடிஞ்சா கண்ண மூடிட்டு முன்னால "டீ" சேர்த்துடுங்க, தப்பாவே போகாது. டீ ஃப்ரைஹைட்னா சுதந்திரம், டீ கிண்ட்ஹைட்னா குழந்தைப் பருவம். நம்ம "மை" விகுதி தனிமை, பெருமைன்னு செய்யுதே, கிட்டத்தட்ட அதே வேலை.

இந்த ஹைட் ஒரு காலத்துல தனி வார்த்தையாவே இருந்துச்சு, பழைய ஜெர்மன்ல ஹைட்னா தன்மை, நிலைன்னு அர்த்தம், பழைய இங்கிலீஷ்ல அதோட உடன்பிறப்பு ஹாட், அதுதான் இன்னைக்கு சைல்ட்ஹுட்ல இருக்கிற ஹுட், டச்சுல ஹெய்ட், ஸ்வீடிஷ்ல ஹெட். கைட் வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "இக்"னு முடியிற சொல்லோட ஹைட் சேர்ந்தப்போ அந்த க் சத்தம் விகுதியோட ஒட்டிக்கிச்சு, ஜனங்க அதையே புது விகுதியா எடுத்துக்கிட்டாங்க!

எப்போ கைட் வரும்? இக், லிஷ், ஸாம், பார்னு முடியிற பெயரடைக்கு. ஐன்ஸாம் தனியா இருக்கிறது, ஐன்ஸாம்கைட் தனிமை. பன்மைக்கு கடைசில "என்" சேர்த்தா போதும்.