47 சதவீதத்தில் நின்றால் பதறாதீர்கள்

ஆண்ட்ராய்டு போனில் லினேஜ் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தை, ரெக்கவரியில் (மென்பொருள் ஏற்றவும் பழுது நீக்கவும் போனில் உள்ள தனித் திரை) 'ஏடிபி சைடுலோட்' (கணினியிலிருந்து கேபிள் வழியாக ஃபைலை ஏற்றும் கட்டளை) வழியாக ஏற்றும்போது, கணினித் திரையில் ஓடும் எண் சில சமயம் 47 சதவீதத்தோடு நின்றுவிடும். கூடவே 'ஃபெயில்டு' என்று ஒரு வரியும் வரும். உடனே கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். அதே வரியின் கடைசியில் 'சக்சஸ்' என்று இருந்தால் வேலை முடிந்துவிட்டது. (தோல்வி, வெற்றி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் விசித்திரமான செய்திதான்!)

இதற்கெல்லாம் முன்பு பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) அன்லாக் செய்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்; படங்களை முதலிலேயே எடுத்து வையுங்கள். ரோம் ஃபைலை (லினேஜ் ஓஎஸ் அடங்கிய ஃபைல்) இறக்கும்போது உங்கள் மாடலின் குறிப்பெயரைப் பாருங்கள். பிக்சல் 6 என்றால் 'ஓரியோல்', 6 ப்ரோ என்றால் 'ரேவன்'. ஒன்றுக்கானதை இன்னொன்றில் ஏற்றக் கூடாது.

அப்புறம், ப்ளே ஸ்டோர் வேண்டுமா? ரோம் ஏறியதும் போனை ஆன் செய்துவிடாமல், ரெக்கவரிக்கே ரீபூட் செய்து கூகுள் ஆப்ஸ் தொகுப்பையும் ஏற்றிவிடுங்கள். தவறவிட்டால் டேட்டாவை ஃபார்மட் செய்து மறுபடி முதலிலிருந்து வரவேண்டியதுதான். அந்தத் தொகுப்பை ஏற்றும்போது டிஜிட்டல் கையொப்பம் (ஃபைலை யார் வெளியிட்டது என்று காட்டும் முத்திரை) சரியில்லை, தொடரலாமா என்று ரெக்கவரி கேட்கும். அதில் லினேஜின் கையொப்பம் இருக்காது என்பதால் 'யெஸ்' கொடுக்கலாம். லினேஜ் தளத்தில் இறக்கிய ரோம் ஃபைலுக்கே அப்படிக் கேட்டால் மட்டும் நிறுத்திவிட்டு, ஃபைலைப் புதிதாக இறக்குங்கள்.