வேன் பம்பர் நசுங்குவது எப்படி நின்றது: என் அனுபவம்

கடலூர் சிப்காட்டிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்கு கொண்டுபோகும் எங்கள் வேன்களில் ஏதாவது ஒன்று மாதம் தவறாமல் பம்பர் நசுங்கி வரும். முன்பக்கம் கொஞ்சம், பின்பக்கம் அதைவிட அதிகம். பின்னால் இடித்தவர்மேல்தான் தப்பு என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள்.

முதலில் பிரேக் பேடுகளை மாற்றினோம், பயனில்லை. அப்புறம் ஜிபிஎஸ்ஸில் வேக அலாரம் வைத்தோம். அது அடிக்கவே இல்லை, இடிகளும் நிற்கவில்லை.

விடை அதே ஜிபிஎஸ்ஸின் திடீர் பிரேக் பதிவுகளில் இருந்தது. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் பேருந்து நிறுத்தங்களை ஒட்டியே அவை குவிந்திருந்தன. முன்னால் போகும் பஸ்ஸை நெருங்கிப் போவது, அது நின்றதும் சட்டென்று மிதிப்பது, பின்னால் வருபவர் வந்து மோதுவது. பின்பக்க நசுங்கலுக்கும் முன்பக்க நெருக்கம்தான் காரணம்!

தற்காப்பு ஓட்டுதல், அதாவது மற்றவர் தவறையும் முன்கூட்டியே எதிர்பார்த்து ஓட்டுவது, சொல்லித்தரும் பயிற்சியாளரை வரவழைத்தோம். வகுப்பைவிட, அவர் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததுதான் பலன் தந்தது. அவர் சொல்லித்தந்த முறை இதுதான்: முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, 3 நொடி கழித்தே நாம் அதைத் தொட வேண்டும், மழையில் இரட்டிப்பு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி என்பது 50 மீட்டர் இடைவெளி.

"அந்த இடைவெளியில பைக் நுழையுமே சார்?" என்றார் மூத்த ஓட்டுநர்.

"நுழையட்டும்ணே. ஆக்சிலேட்டரை லேசா விட்டு மறுபடி இடைவெளி புடிங்க" என்றார் பயிற்சியாளர்.

போய்ச்சேரும் நேரம் கூடவில்லை. பின்பக்க இடிகள் முதலில் நின்றன, அப்புறம் முன்பக்கமும். பெரிய நிம்மதி. புதிதாகச் சேருபவர்களை இப்போது இந்தப் பயிற்சிக்குப் பிறகே தனியாக அனுப்புகிறோம்.