க்வயட்டின் வேரைத் தோண்டுவது எப்படி?

‘எல்லாரும் க்வயட்டாக இருந்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கடைசி இரண்டு எழுத்தான இ, டி இடம் மாறி, க்வயட் (quiet) ‘க்வைட்’ (quite) ஆகிவிட்டது. பிழைதிருத்தி சிவப்புக்கோடு போடவில்லை. ஏன் போடும், அதுவும் சரியான சொல்தானே! அந்த எரிச்சலில் தோண்ட ஆரம்பித்தேன். ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தேடுவது எப்படி என்று க்வயட்டையே வைத்துச் சொல்கிறேன்.

படி 1: அகராதியைத் தொடாதீர்கள்

முதலில் அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று நீங்களே எழுதுங்கள். சத்தமில்லாத அறை, அதிகம் பேசாத ஆள், பரபரப்பில்லாத மாலை, கண்ணை உறுத்தாத நிறம்: எல்லாமே க்வயட். நிறத்துக்கு ஏது சத்தம்? இங்கேயே சந்தேகம் வரவேண்டும். வாடகை ஒப்பந்தங்களில் ‘க்வயட் என்ஜாய்மென்ட்’ என்று ஒரு தொடர் உண்டு. அது சத்தமே கேட்காது என்ற உறுதிமொழி அல்ல. குடியிருப்பவர் இடையூறில்லாமல் அனுபவிக்கலாம் என்ற உரிமை.

படி 2: பழைய பொருளைப் பிடியுங்கள்

ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதி பொருள்களைக் காலவரிசையில் அடுக்கும். ஆனால் சந்தா கட்ட வேண்டும். தொடங்குபவர்களுக்கு எட்டிம்ஆன்லைன் என்ற இலவசச் சொற்பிறப்புத் தளம் போதும் என்பது என் கட்சி. இனமொழிச் சொற்களை, அதாவது உறவுமொழிகளில் அதே வேரிலிருந்து வந்த சொற்களைப் பார்க்க மட்டும் விக்சனரி என்ற இணைய அகராதிக்குப் போவேன். படம் போட்டுப் பரப்பப்படும் சொற்கதைகள் பக்கமே போகாதீர்கள்.

க்வயட் லத்தீனின் ‘க்வியேத்துஸ்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. பொருள்: ஓய்ந்திருக்கிற. அதன் பெயர்ச்சொல் ‘க்வியேஸ்’, ஓய்வு. ஆக, ஓய்வு முதலில்; சத்தமின்மை பிறகு. நமக்கு இது புதிதே இல்லை. உடம்புக்கு ஓய்வு என்கிறோம், மழை ஓய்ந்தது என்கிறோம், சத்தம் ஓய்ந்தது என்றும் சொல்கிறோம். ஒரே ‘ஓய்’தான்.

படி 3: உடன்பிறப்புகள் (நான் வழுக்கி விழுந்த இடம்)

க்வயட்டும் க்வைட்டும் எழுத்தில் மட்டும் தற்செயலாக ஒத்துப்போகின்றன என்றே நினைத்திருந்தேன். ஒன்று அமைதி, மற்றது ‘முழுக்க’ அல்லது ‘ஓரளவு’. என்ன உறவு இருக்க முடியும்? பாதி நாள் இதிலேயே போயிற்று. கடைசியில் பார்த்தால் இரண்டுக்கும் தாய் அதே க்வியேத்துஸ்!

லத்தீன் சொல் ஒரே வாசல் வழியாக வரவில்லை. படித்தவர்கள் ஏட்டிலிருந்து எடுத்தது உருக்குலையாமல் க்வயட் ஆனது. பேச்சு வழக்கில் தேய்ந்து பிரெஞ்சில் சுருங்கியது ‘கோய்’ (coy). ஆங்கிலத்தில் முதலில் அமைதியானவர், பிறகு கூச்சப்படுபவர், பிறகு கூச்சப்படுவதுபோல் நடிப்பவர். மூன்றாவது வாசல் கணக்கும் சட்டமும். அங்கே ஓய்ந்திருப்பது என்றால் கடன் தொல்லை ஓய்ந்திருப்பது. அதிலிருந்து ‘க்விட்’, கடனோ கடமையோ இல்லாமல் விடுபட்ட. விட்டுப் போவது என்ற பொருள் பின்னால் வந்தது. குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கும் ‘அக்விட்’டும் இந்த வழிதான்.

சரி, க்வைட்? மிச்சமில்லாமல் விடுபட்டது என்றால் முழுதாக என்றுதானே பொருள். தமிழில் ‘அறவே’ எப்படி வந்தது என்று யோசியுங்கள். அற்றுப்போவதிலிருந்து ‘முற்றிலும்’ பிறந்திருக்கிறது. இது பிடிபட்டதும்தான் எனக்குத் தூக்கம் வந்தது. ‘ஓரளவு’ என்ற நீர்த்த பொருள் பிற்காலத்துச் சரக்கு.

படி 4: நட்சத்திரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைத்ததல்ல, உறவுமொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கியது என்று பொருள். க்வயட்டுக்கு மேலே அப்படி ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கிறது; லத்தீன், ஆங்கிலம், பாரசீகம் எல்லாம் சேர்ந்த மொழிக்குடும்பம் அது. சற்று நேரம் என்னும் பொருளில் வரும் ‘வைல்’ அந்த வேரின் ஜெர்மானியக் கிளை. லத்தீனில் ‘க்வ’ வரும் இடத்தில் பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்வ’ வரும். பாரசீக மன்னர் தாரியஸின் கல்வெட்டுகளில் மகிழ்ச்சி என்ற பொருளில் வரும் ‘ஷியாதி’யும் அதே வேர்தான். ஓய்வு ஒரு மொழியில் நேரமாகவும் இன்னொரு மொழியில் மகிழ்ச்சியாகவும் ஆகியிருக்கிறது.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் இருவர் ‘ரெக்வஸ்ட்’, ‘இன்க்வயரி’ இரண்டையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். இல்லை. அவை தேடுவது, கேட்பது என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தவை. எழுத்து ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டாமல், லத்தீன் தாய்ச்சொல்வரை போய்ப் பாருங்கள். இறந்தோருக்கான வழிபாட்டில் வரும் ‘ரெக்வியம்’ மட்டும் நம் குடும்பம். அங்கே கேட்பது நித்திய ஓய்வு.

இன்னொருவர், ஆங்கிலத்தில் ‘க்வயட்டஸ்’ என்றால் சாவு என்று ஏன் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். பழைய கணக்கேடுகளில் பாக்கி இல்லை என்று எழுதித்தரும் லத்தீன் வாசகத்தின் முதல் சொல் அது. ஒருவரைத் தீர்த்துக்கட்டினால் நாமும் ‘கணக்கை முடித்துவிட்டான்’ என்றுதானே சொல்கிறோம்.