மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் தோலில் மரு வந்தால்

புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ், அசதயோபிரின் போன்ற மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கின்றன. அந்தச் சாக்கில் மருவை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் தலைதூக்கும். ஒன்றிரண்டு மரு கொத்தாகப் பெருகும். மரு மட்டும் என்றால் தொல்லைதான், ஆபத்தில்லை. ஆனால் செதிள் செல் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோயும் தொடக்கத்தில் மருவைப் போலவே சொரசொரப்பாக இருக்கும். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

மாதம் ஒருமுறை, குளித்த பிறகு நல்ல வெளிச்சத்தில் உடல் முழுக்கப் பாருங்கள். முதுகுக்குக் கைக்கண்ணாடி, உச்சந்தலைக்கு வீட்டில் ஒருவர் வகிடு வகிடாக விலக்கிப் பார்க்கட்டும். காது மடலின் பின்புறம், கீழுதடு, நகக்கண், உள்ளங்கால் விடுபடக் கூடாது. கருத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வராது என்று நினைப்பது தவறு. அவர்களுக்கு வெயில் படாத பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வருவதுண்டு. கூச்சத்தில் பலர் அங்கே பார்ப்பதே இல்லை. சந்தேகமானதன் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். வளர்ந்ததா என்பதில் நினைவை நம்ப முடியாது.

நான்கு வாரமாகியும் ஆறாத புண், தொட்டால் வலி, ரத்தக் கசிவு, அடியில் கெட்டிப்பட்ட தடிப்பு, வேகமான வளர்ச்சி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். ஊதா நிறத் திட்டுகளும் அப்படியே. அது ஹெச்ஹெச்வி-8 வைரஸால் வரும் கபோசி சர்கோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். சிறு துண்டு எடுத்து பயாப்ஸி செய்தால்தான் தெரியும்.

மருதான் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே சாலிசிலிக் அமிலம். வெந்நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, செத்த தோலை அரத்தால் மெல்லத் தேய்த்து, சுற்றிலும் வாஸலின் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு விடுங்கள். தேய்த்த அரத்தை வேறு இடத்தில் பயன்படுத்தினால் மரு அங்கேயும் முளைக்கும். முகத்திலும் பிறப்புறுப்பிலும் வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் பாதத்தில் போடவே கூடாது: வெந்து புண்ணானாலும் உறைக்காது. பிளேடால் அறுக்காதீர்கள்.

வெயிலுக்கு எஸ்பிஎஃப் 50 கிரீம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு டீஸ்பூன், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும். அசதயோபிரின் எடுப்பவர்களின் தோல் வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிருக்குச் சீக்கிரம் பாதிப்படையும் என்பதால் அதையும் தடுக்கும் கிரீமாக வாங்குங்கள்.

புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரக மருத்துவர் மருந்தளவைக் குறைப்பார், அல்லது சிரோலிமஸ் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவார். மரு பரவுகிறதே என்று நீங்களாக ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள், சிறுநீரகமே போய்விடலாம்.