ஜெயில்ல இருந்த நாளுக்கு சர்டிபிகேட் வாங்குறது எப்படி

பெயில்ல வெளிய வந்ததும் ஜெயில் பேப்பரை யாரு பத்திரமா வைக்கிறா, எங்க மச்சானும் வைக்கல. வருஷக்கணக்கா கேஸ் இழுத்து தண்டனை ஆனப்புறம், ரிமாண்டுல (தீர்ப்புக்கு முன்னாடி காவல்ல) இருந்த நாளை அதுல கழிக்கணும், சர்டிபிகேட் கொண்டாங்கன்னு வக்கீல் சொன்னாரு (குற்றவியல் நடைமுறைச் சட்டம், பழைய சிஆர்பிசில பிரிவு 428, இப்ப வந்த பிஎன்எஸ்எஸ்ல பிரிவு 468). அப்புறம்தான் அலைச்சல்.

பெயில் ஆர்டர் காப்பி இருக்கேன்னு அசால்ட்டா இருக்காதீங்க. ஆர்டர் போட்ட அன்னைக்கே யாரையும் விட்டுடறதில்ல, ஜாமீன்தாரர் கிடைச்சு, ஆர்டர் ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்து, ஆளு கேட்டைத் தாண்ட நாலஞ்சு நாள் ஓடிடும், அந்த நாளெல்லாம் ஜெயில் ரிஜிஸ்டர்லதான் இருக்கும். அதனால ஜெயில் சூப்பிரண்டுக்கே மனு எழுதுங்க: அப்பா பேரு, போலீஸ் ஸ்டேஷன், குற்ற எண், கோர்ட்டு, கைதி எண் ஞாபகம் இருந்தா அது, எதுக்காக கேக்குறோம்னு ஒரு வரி. 'உள்ள வந்த தேதி, வெளிய போன தேதி, மொத்த நாள்' மூணும் வேணும்னு தெளிவா கேளுங்க. பழைய சென்னை மத்திய சிறைன்னா அது 2006லயே புழலுக்கு மாறிடுச்சு, அங்கதான் எழுதணும்.

பேருலதான் நாங்க மாட்டினோம். எஃப்ஐஆர்ல 'குமார்', ஆதார்ல 'செந்தில்குமார்'. ஜெயில்ல வாரண்ட்ல இருக்கற பேருதான், ஆதார் பேரைச் சொல்லிக் கேட்டா அப்படி ஆளே இல்லைன்னுடுவாங்க, எங்களுக்கும் அதான் நடந்துச்சு. ரெண்டு பேரையும் எழுதி, எஃப்ஐஆர் காப்பியும் வச்சு திரும்பக் குடுத்தோம்.

பதிலே வரலையா, ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு) போடுங்க. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல அந்த ஜெயில் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பணும், 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு. சம்பந்தப்பட்ட ஆளே கையெழுத்துப் போட்டு கேக்கணும், நீங்க அவருக்காக கேட்டா அடுத்தவர் தகவல்னு தள்ளிடுவாங்க.

ஜெயிலுக்கே அனுப்பாம நன்னடத்தை பாண்டுல (ஒழுங்கா இருப்பேன்னு எழுதி வாங்கிட்டு) விட்டிருந்தா ரூட்டே வேற, அந்தக் கோர்ட்டுல காப்பி அப்ளிகேஷன் போட்டு ஆர்டரோட சர்டிஃபைடு காப்பி வாங்குங்க, கண்காணிப்புல இருந்த விவரத்துக்கு நன்னடத்தை அலுவலரைப் பாருங்க.

பேப்பர் கைக்கு வந்ததும் தேதியை எண்ணிப் பாத்துடுங்க. எங்களுக்கு வந்ததுல 63 நாள்தான் இருந்துச்சு. மச்சானை முதல்ல கிளைச் சிறையில 11 நாள் வச்சிருந்துட்டுதான் மத்திய சிறைக்கு மாத்தினாங்க, அது மறந்தே போச்சு, அந்தக் கிளைச் சிறையில தனியா ஒரு மனு குடுத்து வாங்குனப்புறம்தான் 74 ஆச்சு.