ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டு எஸ்பிஎஃப்

திடீரென்று என் சொந்த டொமைனிலிருந்து நான் அனுப்பும் மெயில் எல்லாம் ஸ்பாமில் விழ ஆரம்பித்தது. முதலில் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் விவரங்கள் இருக்கும் பொதுப் பட்டியலில், எம்எக்ஸ் ரெக்கார்டைக் குடைந்தேன். வீண் வேலை, அது உள்ளே வரும் மெயிலுக்கானது. என் இன்னொரு முகவரிக்கு அனுப்பி ஹெடரை (மெயில் வந்த விவரம் இருக்கும் பகுதி) திறந்தால், 'எஸ்பிஎஃப்=பெர்ம்எரர்'. எஸ்பிஎஃப் என்பது டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் டிஎன்எஸ் வரி; பெர்ம்எரர் என்றால் அதன் அமைப்பிலேயே பிழை.

டிஎன்எஸ் விவரங்களைக் காட்டும் டிக் கமாண்டில், அந்த வரி இருக்கும் டெக்ஸ்ட் ரெக்கார்டுகளைப் பார்த்தேன். 'வி=எஸ்பிஎஃப்1' என்று தொடங்கும் வரி இரண்டு! செய்திமடல் சேவையை இணைத்த அன்று, அவர்கள் கொடுத்ததை அப்படியே புதிதாக ஒட்டியிருக்கிறேன். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டிருந்தால் இரண்டுமே செல்லாது. அவர்களுக்கு அனுமதி தரும் 'இன்க்ளூட்' பகுதியை மட்டும் பழைய வரியில், கடைசியில் இருக்கும் '~ஆல்' என்பதற்கு முன்னால் செருகிவிட்டு, மற்றதை அழித்தேன்.

டிடிஎல், அதாவது டிஎன்எஸ் பதிலை எத்தனை நொடி சேமித்து வைக்கலாம் என்ற அளவு, 3600. ஒரு மணி நேரம் வரை பழைய பதிலே கேஷில் கிடக்கலாம் என்பதை மறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்து நொந்ததுதான் மிச்சம். பிறகு அனுப்பியதில் 'பாஸ்'.